நிற்காமல் நிரப்பும் கப்பல்கள்

கடற்படை என்றதும் விமானம் தாங்கிக் கப்பலும் ஏவுகணையும்தான் பேச்சில் வரும். அவற்றுக்கு எண்ணெயும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுக்கும் கப்பலை யாரும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டவர்களிடமும் சில தவறான எண்ணங்கள் உண்டு.

நம்பிக்கை: பெட்ரோல் பங்க்கில் லாரி நிற்பதுபோல, நடுக்கடலில் நின்றுதான் எண்ணெய் நிரப்புவார்கள்.

உண்மை: நிற்பதுதான் ஆபத்து. நின்ற கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படாது; அலை அதைப் புரட்டும்; எதிரியின் நீர்மூழ்கிக்கும் அது எளிய குறி. அதனால் இரண்டு கப்பல்களும் 12 முதல் 16 நாட் வேகத்தில், சுமார் 30 முதல் 50 மீட்டர் இடைவெளியில், பக்கம் பக்கமாக ஓடும். கொடுக்கும் கப்பல் திசையும் வேகமும் மாற்றாது. வாங்க வருகிற கப்பல்தான் அதையொட்டித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். முதலில் துப்பாக்கியால் ஒரு மெல்லிய கயிற்றைச் சுடுவார்கள். அதை இழுத்தால் தடித்த கயிறு வரும், பிறகு இரும்பு வடம், அந்த வடத்தில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய். கப்பல்கள் ஆடும்போது வடம் தொய்யாமலும் அறாமலும் பார்த்துக்கொள்ளத் தனிப் பொறி உண்டு. இன்னொரு சிக்கல், இரண்டுக்கும் நடுவே நீர் வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அசந்தால் மோதல்தான். ஆபத்து என்றால் குழாயைக் கழற்றிவிட்டு உடனே விலகுவதற்கும் பயிற்சி உண்டு.

நம்பிக்கை: இது புதிய தொழில்நுட்பம்.

உண்மை: 1917 மே மாதமே அமெரிக்காவின் 'மௌமீ' கப்பல் அட்லாண்டிக்கில் ஓடியபடி நாசகாரிக் கப்பல்களுக்கு எண்ணெய் கொடுத்தது. அதில் பணியாற்றிய அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கினாரே, அவரேதான்.

நம்பிக்கை: அணுசக்தியில் ஓடும் விமானம் தாங்கிக் கப்பலுக்கு இந்த உதவி வேண்டாம்.

உண்மை: அணு உலை கப்பலை ஓட்டும், அதன் மேலிருக்கும் விமானங்களை ஓட்டாது. விமான எரிபொருள், குண்டுகள், ஆயிரக்கணக்கானோருக்குச் சாப்பாடு எல்லாம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கூடவரும் காவல் கப்பல்களில் பெரும்பாலானவை எண்ணெயில்தான் ஓடுகின்றன.

இந்தக் கப்பல்களை வெறும் டேங்கர் என்பதும் சரியல்ல. 2011இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த, இத்தாலியில் கட்டப்பட்ட 'தீபக்', 'சக்தி' இரண்டும் எரிபொருளோடு குடிநீர், வெடிமருந்து, உணவு ஆகியவற்றையும் சுமப்பவை. சரக்கை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டும் அனுப்பலாம்.

எண்ணெய்க்கு அடுத்த துறைமுகத்தையே நம்பும் கடற்படை, என் பார்வையில், கரையோரக் காவல்படைதான். அது டெல்லிக்கும் தெரிந்திருக்கிறது: தலா சுமார் 44,000 டன் எடையில் ஐந்து புதிய கப்பல்களுக்கு 2023இல் விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்துடன் ஒப்பந்தமானது. அவற்றில் இரண்டைக் கட்டும் வேலை சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்கு வந்திருக்கிறது.