பத்து ரூபாய் வாஷரும் திருப்புத்திறனும்

பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' பாடத்தில் விசையின் திருப்புத்திறனை நடத்தி முடித்த வாரம் அது. என் இருசக்கர வாகனத்திற்கு ஆயில் மாற்றி மூன்று நாள்கள் ஆகியிருந்தன. பள்ளி வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும் இடத்தில் கருப்பாக ஒரு வட்டம். அதை முதலில் பார்த்தது நான் அல்லன், என் வகுப்பு மாணவன் ஒருவன். "சார், ட்ரெயின் நட்டுல இருந்து சொட்டுது. வாஷர் மாத்துனாங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

மாலையில் வீட்டில் ஸ்பேனரை எடுத்தேன். கசிந்தால் இறுக்க வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்? இறுக்கியும் சொட்டு நிற்கவில்லை. கைப்பிடி நீண்டால் சிறு விசையே போதும் என்று கரும்பலகையில் எழுதிய கை சும்மா இருக்குமா? அரையடி ஸ்பேனரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி ஒன்றரை அடியாக்கி ஓர் அழுத்து அழுத்தினேன். ஒரு கணம் இறுகியது. அடுத்த கணம் எதிர்ப்பே இல்லாமல் சுற்றியது. மரை போய்விட்டது.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த மாணவனின் அப்பா நடத்தும் பட்டறைக்குப் போனேன். அவர் நட்டைக் கழற்றி, அதிலிருந்த வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். தட்டையாக நசுங்கி, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. முன்பு ஆயில் மாற்றிய கடையில் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். "ஆயிலை நிறுத்துறது நட்டு இல்ல சார், வாஷர்தான். நட்டு அதை அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்றார். பத்து ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, சேம்பரைக் கழற்றி லேத்தில் கொடுத்துப் புது மரை போடும் வேலையாகிவிட்டது. செலவை வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை.

அவர் சொன்னதை வகுப்பறை மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். நட்டு எஃகு. ஆயில் சேம்பர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரண்டின் பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. அந்த வழியே ஆயில் கசியும். இடையில் செம்பு அல்லது அலுமினியத்தால் ஆன மென்மையான வளையத்தை வைத்து அளவாக இறுக்கும்போது, அது நசுங்கி அந்தப் பள்ளங்களில் நிறைகிறது. நசுங்குவதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். மீண்டும் மாட்டும்போது பழைய பள்ளங்கள் புதிய மேடுகளோடு பொருந்தா. அப்போது எவ்வளவு இறுக்கினாலும் அடைப்பு வராது. கூடுதல் விசை முழுவதும் மரைக்குத்தான் போகும். எஃகோடு மோதினால் அலுமினிய மரைதான் முதலில் உரியும்.

வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். என் தவறை அப்படியே கணக்காக எழுதினேன். விசை 100 நியூட்டன், ஸ்பேனர் 15 செ.மீ. எனில் திருப்புத்திறன் 15 நியூட்டன் மீட்டர். குழாயோடு 45 செ.மீ. எனில் 45 நியூட்டன் மீட்டர். "சார் மூணு மடங்கு இறுக்கிட்டீங்க" என்று வகுப்பே சிரித்தது. ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் இந்த நட்டுக்கு உரிய அளவு நியூட்டன் மீட்டரில் தரப்பட்டிருக்கும் என்றேன். அந்த அலகு எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வாஷரைப் பற்றி விளக்கும்படி அந்த மாணவனை அழைத்தேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கே தாளை வெறுமையாக விடுபவன். பத்து நிமிடம் பேசினான். 'உராய்வு', 'அழுத்தம்' என்ற சொற்களை நான் இடையில் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவே. இந்த இரண்டு ஆண்டுகளில் அவனிடம் இதைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

செலவில்லாத ஒரு செயல்பாடும் செய்தோம். கைப்பிடி அளவு பிவிசி குழாய்த் துண்டைச் சொரசொரப்பான தரை ஓட்டின்மேல் நிறுத்தி நீர் ஊற்றினால் அடியில் ஒழுகும். குழாயின் அடியில் சப்பாத்தி மாவை வளையமாக வைத்து அழுத்திவிட்டு ஊற்றினால் நீர் நிற்கும். அந்த மாவு வளையத்தை அப்படியே மறுநாள் வரை காயவிட்டு, சற்றுத் திருப்பி வைத்து ஊற்றச் சொல்லுங்கள். மீண்டும் ஒழுகும். கீழ்வகுப்புகளுக்கு இதுவே போதும்.

அடுத்து கணக்கு. சொட்டு மருந்துக் குழலால் ஆயிலை அளவு உருளையில் விட்டு எண்ணினோம். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 துளிகள் வந்தன. 10 நொடிக்கு ஒரு துளி என்றால் மணிக்கு 360 துளிகள், அதாவது 9 மி.லி. ஒரு நாளைக்கு 216 மி.லி. சிறிய வண்டிகளில் இருக்கும் ஆயில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். ஐந்தாம் நாள் முடிவதற்குள் என்ஜின் வறண்டுவிடும். பிஸ்டனும் சிலிண்டரும் வெற்று உலோகமாக உரசிச் சூடேறி இறுகிக்கொள்ளும். ஓடும் வண்டியில் இது நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்றபோது வகுப்பு அமைதியானது. அவர்களில் பலரின் வீட்டில் ஒரே வண்டிதான். (பழைய என்ஜின் ஆயிலைக் குழந்தைகள் தொட வேண்டாம். தோலுக்குக் கெடுதல். செயல்பாட்டுக்குப் புதிய ஆயிலோ சமையல் எண்ணெயோ போதும். சமையல் எண்ணெயில் துளிகளின் எண்ணிக்கை சற்று மாறலாம், அதையும் எண்ணச் சொல்லுங்கள்.)

வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு மாணவி, "கடினமான செம்பைத் திரும்ப மென்மையாக்க முடியாதா சார்?" என்று கேட்டாள். முடியும். மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மென்மையாகிவிடும். செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் இடையிடையே தீயில் காட்டுவது இதற்காகத்தான். எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரில் போட்டால் இறுகும், செம்பை நீரில் போட்டாலும் மென்மையாகவே இருக்கும்.

"அப்ப அலுமினிய வாஷரையும் காய்ச்சலாமா?" என்று இன்னொருவன் எழுந்தான். நான் வாய் திறப்பதற்குள் பட்டறைக்காரர் மகன் பின்வரிசையிலிருந்து சொன்னான்: "அது சிவக்கவே சிவக்காதுடா, திடீர்னு உருகிரும். எங்கப்பாகிட்ட நான் வாங்கியிருக்கேன் அடி."