புண்ணுக்கு மேலே சதை வளர்ந்தால்

மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் கால்கள் நாளெல்லாம் சேற்றில்தான். மண்வெட்டி பட்ட காயமோ நத்தை ஓடு கிழித்ததோ, ஆறுவதற்குள் மறுபடி நனைந்துவிடுகிறது. சிலருக்குப் புண்ணின் நடுவில் சிவந்த, ஈரமான சதை தோல் மட்டத்தைத் தாண்டி எழும்பி நிற்கும். தொட்டாலே ரத்தம் கசியும். சித்த வைத்தியத்தில் இதைத் துர்மாமிசம் என்பார்கள். பள்ளத்தை நிரப்ப வந்த சதைதான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஓரத்திலிருந்து வரும் புதுத்தோல் இந்த மேட்டில் ஏற முடியாததால் புண் மூடுவதில்லை.

செய்ய வேண்டியவை

• முதலில் காரணத்தைப் பாருங்கள். உள்ளே தங்கிய கருவேல முள், கிருமி, ஓயாத ஈரம், செருப்பு வார் உரசல் என ஏதாவது ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டுச் சதையை மட்டும் எடுத்தால் திரும்ப வளரும்.

• கொதித்து ஆறிய நீரில் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். நீரை உறிஞ்சும் கட்டு போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள்.

• புண் ஆறும்வரை சேற்றில் இறங்காதிருப்பதே நல்லது. கூலி போகுமே என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் வரப்பிலோ களத்திலோ வேலை கேட்டுப் பாருங்கள். ரப்பர் பூட்ஸ் நடவுச் சேற்றில் மாட்டிக்கொள்ளும், உள்ளே வியர்வையும் தேங்கும்.

• ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டி.டி. ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• மயில்துத்தத்தைப் பொடித்து வைக்காதீர்கள். மேட்டோடு நில்லாமல் பக்கத்து நல்ல தோலையும் அது அரிக்கும். வீட்டில் குழந்தை வாயில் போட்டால் நஞ்சு. ‘ஆஸ்பத்திரியிலும் குச்சியால் எரிக்கத்தானே செய்கிறார்கள்?’ என்பார்கள். அது சில்வர் நைட்ரேட் குச்சி. சுற்றுத்தோலுக்கு வாசலின் தடவிக் காப்பாற்றி, மேட்டை மட்டும் அளவாகத் தொடுவார்கள். அந்த அளவு வீட்டில் வராது.

• சுண்ணாம்பு, காப்பித்தூள், சாணம் எதுவும் வேண்டாம்.

• பிளேடால் சீவாதீர்கள், நூல் கட்டி அறுக்காதீர்கள். இந்தச் சதை முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்கள்.

• ஸ்டீராய்டு களிம்பைக் கடைக்காரர் சொன்னார் என்று தடவாதீர்கள். சில புண்களுக்கு மருத்துவரே அதைத் தருவதுண்டு. கிருமி இருக்கும் புண்ணில் போட்டால் நிலைமை முற்றும்.

• தொப்புள்கொடி விழுந்த பிறகு குழந்தையின் தொப்புளில் இதே போலச் சிவப்பாக ஒரு முண்டு கசிந்துகொண்டிருந்தால், பவுடரோ எண்ணெயோ வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• காது குத்திய இடத்தில் புண் ஆறிய பின் கெட்டியாக வளரும் தழும்பை இதோடு சேர்க்காதீர்கள். அது கீலாய்டு. வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகவே வரும்.

நான்கு வாரம் கவனித்தும் சதை அமுங்காவிட்டாலோ, ஓரம் கெட்டியாகித் தடித்தாலோ, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்த் திசுப் பரிசோதனை செய்துவிடுங்கள். பல வருடம் ஆறாத புண்ணில் தோல் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வருவதுண்டு.