முதல் ஜனாதிபதி போட்ட கையெழுத்து

ஒரு நாள் இரவு எங்கள் மையத்தில் செய்தித்தாள் வாசித்துக் கொண்டிருந்தோம். "மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல்" என்று ஒரு தலைப்பு. மசோதா என்றால் இன்னும் சட்டம் ஆகாத சட்டம். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால்தான் அது சட்டம் ஆகும்.

ஓர் அக்கா கேட்டார்: "அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் இருக்கலாமா?"

நல்ல கேள்வி. நம் நாட்டின் முதல் ஜனாதிபதியே இதைக் கேட்டிருக்கிறார்.

அவர் பெயர் இராஜேந்திர பிரசாத். பீகாரில் ஜீராதேய் என்ற கிராமத்தில் 1884-இல் பிறந்தார். வக்கீல் தொழில் செய்தார். 1917-இல் சம்பாரணில் அவுரி பயிரிட்ட விவசாயிகளுக்காகக் காந்திஜி போராடினார். அப்போது அவருடன் நின்றார். நமது அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபைக்கும் இவரே தலைவர். 1950 ஜனவரி 26 அன்று ஜனாதிபதி ஆனார்.

புது வீட்டில் முதலில் குடியேறுகிறவர் ஓர் இடத்தில் அடுப்பு வைப்பார். பின்னால் வருகிறவரும் அங்கேயே வைப்பார். பதவியும் அப்படித்தான். டில்லியில் உள்ள ஜனாதிபதி மாளிகையில் 340 அறைகள். வெள்ளைக்கார வைசிராய்க்காகக் கட்டியது. 1948-இல் சேலத்து வக்கீலான இராஜாஜி கவர்னர் ஜெனரலாக அங்கே போனார். வைசிராயின் பெரிய அறைகள் வேண்டாம் என்றார். சிறிய பகுதி ஒன்றில் தங்கினார். பிறகு வந்த ஜனாதிபதிகளும் அந்தப் பகுதியிலேயே குடியிருந்தார்கள். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது.

அறை விஷயம் எளிது. அதிகார விஷயம் அப்படி இல்லை. ஜனாதிபதிக்கு ஆலோசனை கூற மந்திரிசபை உண்டு என்று அரசியல் சட்டம் சொன்னது. அந்த ஆலோசனையைக் கேட்டே தீர வேண்டும் என்று அப்போது எழுதவில்லை.

1951-இல் இந்து சட்ட மசோதா பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு. ஒருவனுக்கு ஒரு மனைவிதான். சேர்ந்து வாழ முடியாவிட்டால் விவாகரத்து. பிரதமர் நேருவும் சட்ட மந்திரி அம்பேத்கரும் இதைக் கொண்டுவந்தார்கள். பிரசாத்துக்குப் பிடிக்கவில்லை. பொதுத் தேர்தல் நடந்து புதிய சபை வரட்டும் என்றார். தம் சொந்த முடிவுப்படி நடக்கத் தமக்கு உரிமை உண்டு என்று நேருவுக்கு எழுதினார்.

நேரு சட்ட நிபுணர்களைக் கேட்டார். அட்டர்னி ஜெனரல் செதல்வாட் ஒருவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இன்னொருவர். மந்திரிசபை சொல்வதன்படியே ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று இருவரும் சொன்னார்கள். மசோதா அந்த ஆண்டு நிறைவேறவில்லை. அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டு விலகினார்.

தேர்தல் முடிந்தது. 1955-லும் 1956-லும் அந்த மசோதா நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறியது. நான்கிலும் பிரசாத் கையெழுத்துப் போட்டார்.

அவர் மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1960-இல்கூட, ஜனாதிபதிக்கு எவ்வளவு அதிகாரம் என்று ஆராயும்படி சட்ட அறிஞர்களை ஒரு கூட்டத்தில் கேட்டார். இந்து சட்ட விஷயத்தில் எனக்கு அவர் கட்சி சரியாகப் படவில்லை. ஆனாலும் அவர் மறுத்திருந்தால், அடுத்து வந்தவர்களும் அதையே காட்டி மறுத்திருக்கலாம் அல்லவா? அவர் நடந்துகொண்ட முறையே வழக்கம் ஆயிற்று. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதை எழுத்தில் வைத்தது. மந்திரிசபையின் ஆலோசனையை ஒரு முறை மறுபடி யோசிக்கச் சொல்லலாம் என்று 1978-இல் 44-ஆவது திருத்தம் சேர்த்தது.

அவருடைய எல்லா வழியையும் பிறர் பின்பற்றவில்லை. அவர் 1952, 1957 என இரண்டு தேர்தலில் வென்று 1962 வரை பதவியில் இருந்தார். அப்படி இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி வேறு யாரும் இல்லை.

அக்காவின் கேள்விக்கு வருவோம். பண மசோதாவும் அரசியல் சட்டத் திருத்த மசோதாவும் தவிர மற்றதை ஜனாதிபதி ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். 2006-இல் அப்துல் கலாம் ஒரு மசோதாவை அப்படித் திருப்பினார். பாராளுமன்றம் அதையே மீண்டும் நிறைவேற்றியது. கலாம் கையெழுத்துப் போட்டார்.

"எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?" என்று அக்கா விடவில்லை.

அதற்கு அரசியல் சட்டத்தில் கெடு இல்லை. 1986-இல் தபால் மசோதா ஒன்று ஜெயில் சிங்கிடம் வந்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா. அவர் கையெழுத்தும் போடவில்லை. திருப்பியும் அனுப்பவில்லை. அது கடைசிவரை சட்டம் ஆகவில்லை.