செவித்திறன் அளக்கும் பணி

சிவகாசியை அடுத்த நாரணாபுரம், பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர். வெடியோசைக்குப் பெயர்பெற்ற தொழில் எனினும், மருந்து நிறைக்கும் அறைகள் பெரும்பாலும் அமைதியானவை. செவிக்கு ஊறு செய்வன, வெடிகளை வெடித்துப் பார்க்கும் திடலும் இப்பகுதியின் அச்சகங்களில் ஓயாது ஓடும் எந்திரங்களுமே. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மிகுந்த ஒலி எழுப்பும் பட்டாசுகளைச் செய்யவும் விற்கவும் கூடாது என நடுவணரசு 1999ஆம் ஆண்டில் விதி வகுத்தது. எனினும், ஆண்டுக்கணக்கில் இரைச்சலிடையே உழைத்தவரின் செவி எந்நிலையில் உள்ளது என்பதைச் செவித்திறன் சோதனைதான் கூறவியலும்.

உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டுள்ள காக்ளியாவின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் தோன்றுவதில்லை. அவ்வழிவில் வலியும் இல்லை. முதலில் மங்குவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்ந்த ஒலி. உயிரொலிகள் நன்கு கேட்கும். வல்லின மெய்கள் தெளிவிழக்கும். பட்டு, தட்டு, கட்டு என்பன ஒன்றுபோல் ஒலிக்கும். தம் செவி நன்றாகவே இருப்பதாகவும், பிறர்தாம் வாய்க்குள் பேசுவதாகவும் அவர் எண்ணிக்கொள்வார்.

ஆடியோமீட்டரின் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் எல்லாரும் இப்பணிக்கு உரியவர் ஆகார். செவித்துளையைக் குறும்பி அடைத்துள்ளதா என முதலில் பார்த்தல் வேண்டும். எந்திரத்தருகிலிருந்து நேரே வந்தவரைச் சோதிக்கலாகாது. தற்காலிகமாக மந்தமுற்ற செவி மீள, குறைந்தது 14 மணி நேர ஓய்வு தேவை. பின்னர் ஒலிபுகா அறையில் அமர்த்தி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் தொடங்குவர். கேட்டதும் அவர் கையை உயர்த்துவார். கேட்டால் 10 டெசிபல் குறைப்பர். கேளாவிடில் 5 டெசிபல் கூட்டுவர். சீரான இடைவெளியில் ஒலி எழுப்பினால், கேளாதவரும் தாளம் பிடித்துக் கையை உயர்த்திவிடுவார். வேலை போய்விடுமோ என அஞ்சிக் கேட்பதாகக் காட்டிக்கொள்வோர் உண்டு. இழப்பீடு கருதிக் கேளாததாக நடிப்போரும் உண்டு. ஆதலால் இடைவெளியை மாற்றி மாற்றி, விரலசைவும் முகக்குறிப்பும் காட்டிக்கொடாதவாறு அமர்ந்து, ஒரே அளவில் விடைகள் ஒத்துவரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

வலச்செவிக்குச் சிவப்பு வட்டமும் இடச்செவிக்கு நீலப் பெருக்கற்குறியும் இட்டு வரைபடம் வரைவர். கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கி 8000இல் மீண்டும் ஏறினால், இரைச்சலே காரணம் என்னும் ஐயம் வலுப்பெறும். முதுமையால் வந்த குறையெனில், கோடு சரிந்துகொண்டே செல்லும். இவ்வேறுபாடு சிறிதன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. நோயை உறுதிசெய்பவர் மருத்துவரே. ஆயினும் அவர்முன் வைக்கப்படும் கோடு பிழைபட்டால், பல்லாண்டு எந்திரத்தருகே நின்றவரின் கேளாமை வெறும் வயதின் குறையென எழுதப்பட்டுவிடும்.