சிவப்பு மழை

2001 ஜூலை 25. கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் சிவப்பாக மழை பெய்தது. அதற்கு முன் வானில் பெரிய சத்தம் கேட்டதாக மக்கள் கூறினர். "வானத்தில் ஏதோ வெடித்தது. அதனால்தான் மழை சிவந்தது" என்று பலரும் நம்பினர்.

திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமும் முதலில் அப்படித்தான் சொன்னது. எரிகல் வெடித்த தூசி என்றது. ஆனால் அதோடு நிற்கவில்லை. மழைநீரைச் சோதித்தார்கள். அதில் இருந்தது எரிகல் தூசி அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகள். பாலோட்டில் உள்ள தாவர ஆய்வு நிலையத்தில் அவற்றை வளர்த்தார்கள். பாசி வளர்ந்தது. சங்கனாச்சேரி மரங்களிலும் அதே வகைப் பாசி இருந்தது. முதலில் சொன்னதை அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், முன்னதே காரணம் என்று மனம் முடிவு கட்டுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

பாம்புக்கடியைப் பாருங்கள். ஒருவரை விஷமில்லாத பாம்பு கடிக்கிறது. மந்திரிக்கிறார்கள். பிழைக்கிறார். மந்திரம் பலித்தது என்று ஊர் நம்புகிறது. பிறகு இன்னொருவரை நல்ல பாம்பு கடிக்கிறது. அவரையும் மந்திரிக்கவே கொண்டுபோகிறார்கள். நேரம் போகிறது. உயிரும் போகிறது. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

நம்புவது தவறல்ல. விசாரித்து நம்ப வேண்டும். தவறு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்வது இழுக்கல்ல.

சிந்தியுங்கள்:

1. மழை சிவந்ததற்கு மக்கள் சொன்ன காரணம் என்ன? சோதனையில் தெரிந்தது என்ன?
2. உங்கள் ஊரில் இப்படி நம்பப்படுவது ஏதாவது உண்டா? அதை எப்படிச் சோதிக்கலாம்?