காஷான் பெண்களின் கம்பளத் தறி



ஈரான் நாட்டில் தெஹ்ரானுக்கும் இஸ்ஃபஹானுக்கும் நடுவில், பாலைவன ஓரமாக இருக்கிற பழைய ஊர் காஷான். கம்பளத்துக்குப் பேர்போன ஊர். இங்கே கம்பளம் நெய்யும் திறனை 2010 நவம்பரில் யுனெஸ்கோ தனது பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்போது சொன்ன கணக்குப்படி, ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுதான் வேலை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள்.

எப்படி நெய்கிறார்கள்? தறியில் பருத்தி அல்லது பட்டில் பாவு கட்டுவார்கள். அடுத்தடுத்த இரண்டு பாவு இழைகளை எடுத்து, கம்பளி நூலால் ஒன்றை முழுசாகச் சுற்றி, மற்றதன் பின்னால் விட்டு முன்னே இழுத்து அறுப்பார்கள். ஒரு முடிச்சு ஆச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூல் ஓட்டி, சீப்பு மாதிரி இருக்கிற கருவியால் தட்டி இறுக்கணும். சாயத்துக்கு மஞ்சிட்டி இனத்து வேர், மாதுளைத் தோல், வால்நட் தோல், திராட்சை இலை. நல்ல கம்பளமா என்று பார்க்க அதைத் திருப்பிப் போட வேண்டும். காஷான் வேலையில் பின்பக்க முடிச்சும் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும்.

இப்போ ஒரு கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 40 முடிச்சு என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 4 லட்சம். கைதேர்ந்த ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சு போட்டாலும் 50 நாள் ஆகும். 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளம் என்றால் 300 நாள்! சாயம் போடுறது, தறி பூட்டுறது, கடைசியில் கத்தரிச்சு சமன் செய்யுறது எல்லாம் தனி. விலையைக் கேட்டு "இவ்வளவா?" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. குழுக் கூட்டத்தில் ஒருமுறை சத்தமாகப் போட்டுப் பாருங்க.

முடிச்சுப் போடுவதை மகளுக்கு அம்மாவும் பாட்டியும்தான் கற்றுத் தருகிறார்கள். வடிவம் வரைவது, சாயம், கத்தரிப்பு, தறி செய்வது பெரும்பாலும் ஆண்கள் பழகும் வேலை. எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற அர்தபீல் கம்பளத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல் முடிச்சுகள். 1539-40 என்ற காலமும், வேலையை நடத்தியவராகக் கருதப்படும் மக்சூத் காஷானியின் பெயரும் அதிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. அவரோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

யுனெஸ்கோ பாராட்டிய அதே 2010ல், செப்டம்பரில், ஈரான் கம்பள இறக்குமதியை அமெரிக்கா தடை செய்தது. 2016 ஜனவரியில் தடையை நீக்கி, 2018 ஆகஸ்டில் மறுபடியும் கொண்டுவந்தது. பெரிய கம்பளத்துக்குத் தறியில் வருஷக்கணக்கு ஆகும். பாவு கட்டிய நாளில் வாங்கக் காத்திருந்த நாடு, அறுத்தெடுக்கும் நாளில் கதவைச் சாத்தியிருந்தது.