தைரொயிட் குளிசையை ஏன் நிறுத்தக் கூடாது?

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது தைரொயிட் சுரப்பி. அது சுரக்கும் தைரொக்சின் என்னும் ஓமோன் உடல் இயங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது குறைந்தால் களைப்பு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு, மறதி என்பன தோன்றலாம். படிப்பில் மனம் பதியாமல் தூங்கி வழியும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்று ஏசுவதற்கு முன், வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

"நாம் கடற்கரை மக்கள், மீன் உண்பவர்கள், நமக்கேன் இந்நோய்?" என்று சிலர் கேட்பதுண்டு. அயடின் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் இது உண்டாகும். 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விபரித்த இந்நிலை பெண்களிடமே அதிகம்.

1891இல் இங்கிலாந்து வைத்தியர் ஜோர்ஜ் மரே, செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசி மூலம் ஏற்றினார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1927இல் தைரொக்சின் ஆய்வுகூடத்திலேயே தயாரிக்கப்பட்டது. இன்றைய லெவோதைரொக்சின் குளிசையிலுள்ள ஓமோனும் அவ்வாறு செய்யப்படுவதே, விலங்கிலிருந்து பெறப்படுவதன்று.

இக்குளிசை காய்ச்சல் மருந்து போன்றதன்று. உடல் சுரக்காததை நாள்தோறும் ஈடுசெய்வதே இதன் வேலை. உட்கொண்ட தைரொக்சினில் பாதி, சுமார் 7 நாட்களின் பின்னும் உடலில் இருக்கும். ஆகவே, குளிசையை நிறுத்தினாலும் சில நாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. 'சுகமாகிவிட்டது' என்று பலர் ஏமாறுவது இங்கேதான். வாரங்கள் செல்லச் செல்லப் பழைய களைப்பு மெல்லத் திரும்பும்.

குளிசையை வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்க வேண்டும். தேநீரும் காலையுணவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. நோன்பு காலத்தில் ஸஹர் உணவுக்கு அரை மணி முன்னரோ, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரத்தின் பின் உறங்கும்போதோ எடுக்கலாம். எது பொருத்தம் என்பதை நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் இதனை ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொக்சினையே நம்பியிருக்கிறது. பெரும்பாலும் அப்போது அளவைக் கூட்ட வேண்டியும் வரும். கர்ப்பம் தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.